சவிரிமுத்துவின் வாக்கு

1
இந்தக் கதை எனக்கு நோர்பரி என்ற ஆங்கிலேயப் புறநகரில் ஒரு மரக்கறிக் கடை வரிசையில் கிடைத்தது. முன்னால் நின்ற பெண் தொலைபேசியில் கேட்டாள்: "செத்த மனுசன் எப்பிடியடி வோட் போடுறது?" மிச்சத்தைக் கேட்பதற்குள் அவள் போய்விட்டாள். ஆகவே மிச்சமெல்லாம் என் கற்பனை. அப்படித்தான் நினைத்திருந்தேன்.

2
கவுன்சில் தேர்தலுக்கான கட்சி வேட்பாளரை இதுவரை ஐந்து பேர் கதவைச் சாத்திக்கொண்டு தெரிவுசெய்தார்கள். இம்முறை விதி மாறியது: உறுப்பினர் எல்லோரும் தொலைபேசியிலேயே நேரடியாக வாக்களிக்கலாம். கட்சிக்காரியான கிளறிற்றா தானும் வேட்பாளராகத் துணிந்து இறங்கினாள். பூசை முடிந்து வருபவர்களை மாதா கோயில் வாசலில் மறித்து உறுப்பினராக்கினாள். படிவங்களைத் தானே நிரப்பினாள். தன் வீட்டுப் படிவத்தில், முப்பது வருடப் பழக்கத்தில், முதலில் கணவன் பெயரை எழுதிவிட்டாள். சவிரிமுத்து இறந்து பதினொரு மாதம். கண்ட பிறகும் வெட்ட மனம் வரவில்லை; அப்படியே அனுப்பிவிட்டாள்.

3
ஒரேயொரு வாக்கால் வென்றாள். அன்று வீட்டு மின்னஞ்சலுக்குக் கட்சியிடமிருந்து ஒரு வரி வந்தது: 'சவிரிமுத்து, வாக்களித்ததற்கு நன்றி.'

அவள் தனியாக இருப்பவள். அவருடைய தொலைபேசி சார்ஜ் இல்லாமல் அலுமாரியில் கிடந்தது. எடுத்தாள். அது சூடாக—

(இந்த வரியை மூன்று தரம் அழித்தேன். மூன்று தரமும் திரும்பி வந்து நிற்கிறது. சரி, கிடக்கட்டும்.)

அது சூடாக இருந்தது, இப்போதுதான் யாரோ கையிலிருந்து வைத்ததுபோல.

"உனக்கு உது சரிவராது," என்று உயிரோடிருந்தவரை அவளது கட்சி வேலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்த மனிதர். இப்போது யாருக்குப் போட்டார்? பயத்தைவிட அந்தக் கேள்விதான் அவளை அரித்தது.

4
முதல் முடிவு: அவள் வாயை மூடிக்கொண்டு கவுன்சிலராகிறாள். எழுதிப் பார்த்தேன், எனக்கே வெட்கமாக இருந்தது.

இரண்டாவது முடிவை எழுத—

இடையில் கிளறிற்றாவின் தொலைபேசி அடித்தது. கட்சிச் செயலாளர் டயனா. இந்த ஊருக்குப் புதியவள்.

"அக்கா, தோத்த செல்வரத்தினம் அண்ணை பட்டியலைச் சரிபார்க்கச் சொல்லுறார். சவிரிமுத்து எண்டவர் உங்களோடதானே இருக்கிறார்?"

'ஓம்' என்றால் அவள்தான் வேட்பாளர். 'இல்லை' என்றால், செத்தவரைச் சேர்த்த குற்றத்துக்கு எல்லாம் போய்விடும். அதைவிட, அவர் இல்லை என்ற சொல்லை அவள் பதினொரு மாதமாக யாரிடமும் சொன்னதில்லை.

"அக்கா, லைனிலை நிக்கிறியளோ?"

கிளறிற்றா வாயைத் திறந்தாள். பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அதை நான் எழுதவில்லை. அவளுக்காகப் பதில் சொல்லவும் மாட்டேன். ஓமா, இல்லையா? நீங்களே சொல்லுங்கள், அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.