கதவுக்குள் கண்டது

ஈரத்துணியைச் செத்தவளின் கழுத்தருகே கொண்டுபோனதும் தையல்காரியின் கை நின்றுவிட்டது. காதுக்குக் கீழே, இருபுறமும், விரல் பதிந்து கன்றிய தடம். மாடிப்படியில் தவறி விழுந்தாள் என்று சொல்லித்தான் கூப்பிட்டிருந்தார்கள். படிக்கட்டுக்கு ஏது விரல்?

பிரார்த்தனைக்கூடத்தின் சார்பில் இறந்த பெண்களைக் குளிப்பாட்டுவது அவளுடைய ஊழியம். தையல் மிஷினை அப்படியே போட்டுவிட்டு ஓடுவாள். காசு வாங்க மாட்டாள். புழு வைத்த புண்ணுக்கும் முகம் சுளிக்க மாட்டாள். அந்த நல்ல பெயர்தான் அவளை வார்டு தேர்தலில் வேட்பாளராக்கியது. 'உன் கை படாத வீடு ஏது தங்கச்சி' என்று சொல்லி, வரிசையில் நின்ற பெரிய மனிதர்களை ஓரங்கட்டிவிட்டு, கட்சித் தலைவர் அவளுக்கு சீட் வாங்கிக் கொடுத்தார். இன்று பலகையில் கிடப்பது அவருடைய மருமகள்.

கூடத்தில் ஒரு விதி உண்டு. கதவுக்குள் கண்டதை வெளியே மூச்சுவிடக் கூடாது. செத்தவர்களின் மானம் அது. மறைத்த தழும்பு, புருஷன் அல்லாதவன் பேரில் குத்திய பச்சை என்று எத்தனையோ அவள் வயிற்றோடு போயிருக்கின்றன. அந்த விதியை நம்பித்தான் தலைவர் தன்னைக் கூப்பிட்டிருக்கிறார் என்று அவளுக்கு இப்போது புரிந்தது.

தையல்காரிக்குத் துணையாக வந்த அவளுடைய ஓரகத்தி செம்பை நீட்டிக்கொண்டே காதருகில் சொன்னாள். "நானும் பாத்தேன். பாக்காத மாதிரி ஊத்துக்கா. நாம புள்ளகுட்டிக்காரங்க."

"விதின்னு ஒண்ணு இருக்குல்ல," என்றாள் தையல்காரி. தன் குரலே அவளுக்குப் பிடிக்கவில்லை. இத்தனை வருஷம் இரக்கத்தில் வாயை மூடியிருந்தாள். இன்றைக்குப் பயத்தில் மூடப் பார்க்கிறாள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். மேலே இருப்பவனுக்கு?

கதவு தட்டப்பட்டது. "முடிஞ்சுதா தங்கச்சி? வண்டி வந்தாச்சு." தலைவரின் குரல் இதமாகத்தான் இருந்தது. "நாளைக்கு உனக்குக் கூட்டம் வேற இருக்கு."

கடைசித் தண்ணீரை ஊற்றி, கழுத்தோடு சேர்த்துக் கோடித்துணியைக் கட்டிவிட்டால் தடமும் மறையும், வேலையும் முடியும். கட்டுவதற்கு முன் ஜெபிக்க வேண்டும். வாயைத் திறந்தாள், ஒரு வரியும் வரவில்லை. நேற்று மேடையில் மைக்கைப் பிடித்ததும் மடை திறந்தது போல வந்த ஜெபம்.

துணியைக் கட்டாமல் மடித்து வைத்துவிட்டுத் தாழ்ப்பாளை நீக்கினாள். தலைவரின் தோளுக்குப் பின்னால், ஹால் மூலையில், இறந்த பெண்ணின் தாய் சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, நீங்க உள்ள வாங்க. கடைசித் தண்ணி நீங்க ஊத்துங்க."

"சொந்தக்காரங்க உள்ள வர்றது வழக்கமில்லையே," என்றார் தலைவர், சிரித்தபடி.

"ஆமாண்ணே. இல்லதான்."

தாய் எழுந்து வந்தாள். தலைவர் வழியை மறிக்கவில்லை, விலகவும் இல்லை. அவருக்கும் கதவு நிலைக்கும் நடுவே இருந்த சந்தில் அந்த அம்மாள் உடம்பை ஒடுக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். தையல்காரி கதவைச் சாத்தி, நிறைந்த செம்பை அவள் கையில் வைத்தாள். தண்ணீர் தளும்பி இருவர் கையிலும் வழிந்தது.