திரையை அணைத்துவிட்டுச் செய்

காலையிலிருந்து அக்காவின் கணினி "பொத்தான்" என்ற ஒரே சொல்லை இருநூறு தடவையாவது சொல்லியிருக்கும். ஒரு பட்டாளத்துக்கே சட்டை தைக்கலாம். எந்தப் பொத்தான் எதற்கு என்பதை மட்டும் அது கடைசிவரை சொல்லவில்லை.

அக்காவுக்குப் பார்வை கிடையாது. இறுகிப்போன தோள்களையும் மடங்க மறுக்கும் முழங்கால்களையும் வழிக்குக் கொண்டுவரும் பிசியோதெரபிஸ்ட். திரையில் உள்ளதைக் கணினி வாசிக்க, காதால் கேட்டே வேலை செய்வாள். தொழில் உரிமத்தைப் புதுப்பிக்க இன்றே கடைசி நாள். தவறினால் நாளை முதல் ஒரு தோளையும் தொடக் கூடாது. இணையதளமோ பத்து நிமிடம் ஆனதும் அவளை வெளியே தள்ளிவிட்டது. இதோடு ஏழு முறை.

அந்தத் தளத்தைச் செய்த நிறுவனத்தில்தான் தம்பிக்கு வேலை. சாப்பாட்டு இடைவேளையில் ஓடி வந்தான்.

"தள்ளுக்கா, ரெண்டு நிமிஷத்துல நானே போட்டுடறேன்."

"போடுவ, போடுவ. உனக்குத்தான் கண்ணு இருக்கே. பார்வையில்லாதவங்களுக்கும் சரிப்பட்டு வரும்னு சோதிச்சுக் கையெழுத்துப் போட்டது யாருடா?"

"நான்தான். சட்டப்படி செஞ்சாகணுமே. முதல் பக்கத்துலயே முத்திரைகூட வெச்சிருக்கோம்."

"கேட்டேன். முத்திரைன்னு எங்க சொல்லிச்சு? வெறும் 'படம்'னுதான் சொல்லிச்சு."

அக்கா கையை நீட்டித் திரையை அணைத்தாள்.

"இப்போ செய்."

முதல் பத்து நிமிடம் சிரித்தான். இரண்டாவது பத்தில் வியர்த்தான். மூன்றாவதில் எதையோ அழுத்த, "உரிமத்தை நிரந்தரமாக ஒப்படைக்கச் சம்மதமா?" என்று கணினி மரியாதையாகக் கேட்டது.

"ஐயோ, வேணாம்!" என்று அதனிடமே கெஞ்சினான்.

"எப்படிடா சோதிச்ச?"

"குரலை ஓட விட்டுத்தான்க்கா. ஆனா... திரையைப் பார்த்துக்கிட்டே."

"குடைக்குள்ள நின்னுக்கிட்டு மழையே இல்லன்னு எழுதிக் கொடுத்திருக்க."

அவன் திரையை எரியவிட்டு விண்ணப்பத்தை அனுப்பினான். சரியாக இரண்டு நிமிடம். அதுதான் அவனைக் குத்தியது. உடனே அலுவலகத்துக்குப் பேசினான். "சார், நான் போட்ட கையெழுத்து செல்லாது. பார்வையில்லாதவங்களையே உக்கார வெச்சு மறுபடி சோதிக்கணும்."

அறைக்கு வெளியே இறுகிப்போன ஒரு தோள் காத்திருந்தது. அக்கா அலுப்போடு எழுந்தாள்.

"எனக்கு நீ இருக்கடா. தம்பி இல்லாதவங்க என்ன பண்ணுவாங்க? சட்டம் உங்ககிட்ட முத்திரை கேக்கல. யார் கையையும் பிடிக்காம எங்க வேலையை நாங்களே முடிச்சுக்கணும், அதைத்தான் கேக்குது."