ஓதிலின் மூன்று வரிசைகள்

1

இந்தக் கதை ஒரு தப்பிலிருந்து பிறந்தது. தப்பு செய்தவள் நான். முதல் வரைவில் அதை ஒரு போலந்துக்காரன் தலையில் கட்டியிருந்தேன். பாவம், அன்று எனக்காகக் கூடை சுமந்தவன் அவன். அந்த வரியை அடித்துவிட்டேன்.

2

தொடக்கம் இப்படி இருந்தது: ‘பர்கண்டியின் பொன்னிறச் சரிவுகளில் செப்டம்பர் வெயில்...’

சே! பத்தொன்பது வருடமாக இந்தப் பிரெஞ்சு ஊரில் குனிந்து திராட்சைக் குலை வெட்டுகிறவளுக்கு முதுகுவலிதான் தெரியும், பொன்னிறமாவது ஒன்றாவது.

நேராகவே சொல்கிறேன். ஓதில் அக்கா, ஜெர்வே தம்பி. அவர்களுடைய அப்பாவின் திராட்சைத் தோட்டத்தைப் பாகம் பிரித்ததில்* மேலே தம்பிக்கு, கீழே நான்கு வரிசை அக்காவுக்கு. அன்றோடு பேச்சு நின்றது. ஆறு வருடம்! இருவரிடமும் வேலை செய்கிற நான்தான் நடுவில் தூது.

(“காத்தப் பாத்து மருந்தடிக்கச் சொல்லு அவன.” “நாயக் கட்டிப் போடச் சொல்லு அவள.”)

ஓதில் இதுவரை பழத்தை விற்றுவந்தார். அறுபத்திரண்டு வயதில், இந்த வருடம்தான் தன் பெயரில் முதல் ஒயின் போட நினைத்தார். ஓக் மரப் பீப்பாய் வாங்கி, அதில் சாக்கட்டியால் பெயர்கூட எழுதியாயிற்று. பழம் இன்னும் ஒரு வாரம் கனியட்டும் என்று காத்திருந்தார்.

* இங்கே வரிசைக் கணக்கில்தான் பிரிப்பார்கள். வேலி கிடையாது, ஓர் எல்லைக்கல் மட்டும்.

3

ஜெர்வேயின் அறுவடையில் எங்கள் கூட்டத்துக்கு வரிசை காட்டியவள் நான். எல்லை தாண்டி ஓதிலின் நான்கு வரிசைகளில் மூன்றை வெட்டவைத்தேன். தெரிய வந்தபோது எல்லாம் ஜெர்வேயின் தொட்டியில் நசுங்கிக் கிடந்தது. மிச்சமிருந்த ஒரு வரிசை பீப்பாயை நிரப்பாது. நிரம்பாத பீப்பாயில் ஒயின் கெட்டுப்போகும்.

[இங்கே ஜெர்வே என்மேல் பாய்வதாக எழுதினேன். அவர் பாயவில்லை. தொப்பியைக் கழற்றிக்கொண்டு அக்கா வீட்டுக்கு நடந்தார். நானும் பின்னாலேயே போனேன்.]

“எத்தன வரிசடா?” என்றார் ஓதில்.

“மூணுக்கா.”

“கண்ணு அவிஞ்சா போச்சு உங்களுக்கு?”

“இவ மேல தப்பில்ல. நான்தான் புல்லு வெட்டாம விட்டுட்டேன், கல்லு மறைஞ்சிருச்சு. மன்னிச்சிருக்கா. என் தொட்டியிலருந்து பாதி எடுத்துக்க.”

“அது உன் ஒயினு. என்னோடது ஆகுமா?”

ஓதில் அழுதார்.

“ஆறு வருஷம் கழிச்சு வாயத் தொறக்க என் வரிசதான் கெடச்சுதா ஒனக்கு?” என்று மூக்கைத் துடைத்தவர், கதவை முழுதாகத் திறந்துவிட்டார். “சாப்ட்டியாடா?”

4

முடிவு அ: அடுத்த வருடம் பீப்பாய் நிரம்புகிறது. (வசந்தத்தில் பனி விழுந்து மொட்டைக் கருக்காவிட்டால்.)

முடிவு ஆ: இப்போது ஞாயிறுதோறும் தம்பி அக்கா வீட்டில் சாப்பிடுகிறார். காலிப் பீப்பாய் காய்ந்து பிளக்காமலிருக்க ஓதில் அதில் தண்ணீர் ஊற்றுகிறார், நான் வேறெங்கோ பார்க்கிறேன்.

முடிவு இ: நான் கல்லைப் பார்த்தேன். புல்லை விலக்கி, நன்றாகவே பார்த்தேன். தூது சுமந்து அலுத்துவிட்டது. இரண்டு பேர்மேலும் எனக்கு உயிர். இப்படியாவது இருவரும் பேசட்டுமென, ‘போங்கள்’ என்று கூட்டத்துக்குக் கையைக் காட்டினேன். ‘பீப்பாய் அப்போது நினைவுக்கு வரவில்லை’ என்று எழுதிப் பார்த்தேன். பொய். அடித்துவிட்டேன்.

இந்த ஊரில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் யாருமில்லை, அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். சொன்னால் இரண்டு வீடும் எனக்கு இல்லை. சொல்லாவிட்டால் ஜெர்வே செய்யாத தப்புக்குத் தலைகுனிந்தே சாப்பிடுவார்.

நாளை ஞாயிறு. என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். சொல்லிவிடட்டுமா? இப்போது உங்களுக்கும் தெரியுமே, நீங்களே சொல்லுங்கள்.