ஸீட்டின் உயரம்

என் தங்கை நீரஜாவின் முதுகெலும்பு ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய்க்குப் போயிற்று. பேரம் பேசி முடித்தவன் நான். முடித்த சந்தோஷத்தில் கடைத்தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவனும் நான்தான்.

எங்களுக்குத் தி. நகரில் பாத்திரக் கடை. எவர்சில்வரை எடை போட்டு விற்கிற குடும்பம். எழுதி ஒட்டிய விலைக்கு எதையாவது வாங்கி வந்தால், அப்பா அன்று முழுவதும் முகம் கொடுத்துப் பேசமாட்டார். பொருள் எப்படி என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்பதில்லை. எவ்வளவு குறைத்தான் என்றுதான் கேட்போம். அதனால் சொந்தத்தில் யார் ஃபிரிட்ஜ் வாங்கினாலும், கல்யாண மண்டபம் பிடித்தாலும் என்னை முன்னால் விட்டுப் பின்னால் நிற்பார்கள். நீரஜாவின் புருஷன் சாய்சரண் கார் வாங்கக் கிளம்பியபோதும் அப்படித்தான் போனேன்.

கார் எதற்கு என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அவர்கள் மகள் வர்ஷினிக்குப் பதிமூன்று வயது. பிறந்ததிலிருந்தே கால்கள் நிற்காது, சக்கர நாற்காலிதான். அடையாறு வீட்டிலிருந்து மந்தைவெளியில் பள்ளிக்கூடம். செவ்வாயும் சனியும் கே.கே. நகரில் பிசியோதெரபி. வருஷக்கணக்காக வந்துகொண்டிருந்த ஆட்டோக்காரர் கண் ஆபரேஷனுக்குப் பிறகு வண்டியை விட்டுவிட்டார். நீரஜா இதற்காகவே லைசென்ஸ் எடுத்திருந்தாள். சாய்சரணை ஆபீஸ் கேப் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். ஆக, வாரநாளில் வண்டி அவள் கையில்தான்.

ஷோரூமில் இரண்டு வண்டிகளைப் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். ஒன்று சிவப்பு செடான், தரையோடு தரையாகப் பதுங்கி, இதோ பாய்கிறேன் என்பதுபோல. மற்றது வெள்ளை எஸ்.யூ.வி., தண்ணி லாரிக்குத் தம்பி. சாய்சரண் நேராக வெள்ளையில் ஏறி ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டான். "மச்சான், மேல உக்காந்து பாருங்க. ரோடே நம்மளுதாட்டம் கீது."

நீரஜா சிவப்பு வண்டியின் பின்கதவைத் திறந்தாள். உட்காரவில்லை. கைப்பையிலிருந்து தையல்காரர் டேப்பை எடுத்துத் தரையிலிருந்து ஸீட் விளிம்புவரை அளந்தாள். பிறகு வெள்ளை வண்டிக்கு வந்து அதையும் அளந்தாள். ஆசிஃப் என்ற சேல்ஸ் பையன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அது ஸ்போர்ட்டி மாடல் மேடம், யூத்துதான் நெறைய எடுக்கறாங்க" என்றான்.

"இன்னா நீரு, ரேஸுக்குப் போறியா?" என்றான் சாய்சரண். எல்லோரும் சிரித்தோம். என் சிரிப்புதான் அதில் பெரிது.

அவள் சிரிப்பு அடங்கும்வரை பொறுத்திருந்தாள். "சிவப்பு இருபது இன்ச். வீல் சேரும் அதே இருபது. நடுவுல பலகை வெச்சா அவ நகர்ந்தே வந்துடுவா, தூக்க வேணாம். இது இருபத்தொம்பது. முப்பத்தெட்டு கிலோவ நான் இடுப்பு உசரத்துக்குத் தூக்கணும்."

"அதுக்கென்ன, சைடுல ஸ்டெப்பு போட்டுக்கலாம்."

"ஸ்டெப்பு நடக்கறவங்களுக்குங்க."

சாய்சரண் ஆசிஃபிடம் திரும்பி விலையைக் கேட்டான். பதில் இல்லாத இடத்தில்தான் விலை உள்ளே வரும். ஆசிஃப் சொன்னான்: செடானுக்கு இரண்டு மாதம் வெயிட்டிங், ஒரு ரூபாய் குறையாது. ஒரு ரூபாய் குறையாது என்ற சொல் என் காதில் விழுந்ததுமே அந்த வண்டி எனக்குச் செத்துப்போயிற்று. வெள்ளைக்குத் திரும்பினேன். வைப்பர் அடியில் காய்ந்த புளிய இலை, டயரில் ஒரு பக்கம் மட்டும் வெளுப்பு. "தம்பி, இது போன வருஷத்து வண்டி. வெளியில எத்தினி மாசமா வெயில்ல நிக்குது?" பையனின் முகம் மாறியது. மேனேஜர் அறைக்கு நான்கு தடவை நடந்தான். இரண்டு டீ வந்தது. ஒன்றேகால் மணி நேரத்தில் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் இறக்கினேன். ஸீட் கவரும் மேட்டும் இனாம்.

மேனேஜர் கையெழுத்துக்காகக் காத்திருந்தபோது நீரஜா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மெதுவாகக் கேட்டாள். "அண்ணா, அந்த ஒண்ணே நாப்பத நான் தரேன். ஆறு வளையல் சும்மா பீரோல கெடக்கு. அவருகிட்ட செகப்பு வண்டிக்குப் பேசு."

"பைத்தியம், தள்ளுபடிய காசு குடுத்து வாங்குவாங்களா யாராச்சும்?"

அவளும் அப்பாவுடைய பெண்தானே, லேசாகச் சிரித்தாள். டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். எனக்குத் தெரியாமல் இல்லை. முப்பத்தெட்டு கிலோ என்பது எங்கள் கடையில் ஒரு பெரிய கடாய்க் கட்டு. நாற்பது வயசுக்கு மேல் அதை நான் தொடுவதில்லை, ஆளைக் கூப்பிடுவேன். ஆனால் படிந்துவிட்ட பேரத்தை விட்டு எழுந்து போவது எங்கள் ரத்தத்தில் கிடையாது. பொருளே வேண்டாத பொருளாக இருந்தாலும், விலை படிந்துவிட்டால் அது எங்களுடையது.

வடபழனி கோவில் வாசலில் வண்டிக்குப் பூஜை. மாலை, சந்தனம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். சாய்சரண் போனை உயர்த்தி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். நீரஜா நாற்காலியைக் கதவோரம் கொண்டுவந்து, ஸ்டெப்பில் ஒரு முழங்காலை ஊன்றி, மகளின் அக்குளுக்குள் கைகொடுத்துத் தூக்கினாள். பாதியில் வழுக்கி வர்ஷினி மறுபடி நாற்காலியிலேயே விழுந்தாள். நான் ஓடினேன்.

"வேணாண்ணா. நாளைக்கு ஸ்கூல் வாசல்ல நீ இருக்க மாட்டே."

"ஒரு ஆளப் போட்டுக்கோ. சம்பளம் நான் தரேன்."

"அவ பெரியவளாயிட்டா. கண்டவங்க கை படறது அவளுக்குப் புடிக்கல." இரண்டாவது தடவை பல்லைக் கடித்துத் தூக்கினாள். அந்த நேரத்தில் வர்ஷினி கண்ணை மூடி, மூச்சை உள்ளே இழுத்துக் கன்னத்தை உப்பி வைத்துக்கொண்டிருந்தாள். மூச்சைப் பிடித்தால் எடை குறையும் என்று அவளிடம் யார் சொன்னார்களோ. ஏற்றி முடித்ததும் கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள். வண்டிக்காக இருக்கும்.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அடையாறுக்குப் போனேன். சாய்சரண் கீழே பைப்பைப் பிடித்து வண்டி கழுவிக்கொண்டிருந்தான். நீரஜா ஹாலில் பாய் விரித்து மல்லாந்து கிடந்தாள், இடுப்புக்கு அடியில் வெந்நீர்ப் பை. எழுந்திருக்க முயன்றவளை நான் கையமர்த்தினேன். ஒரு கையை ஊன்றிப் புரண்டு படுத்து, "டாக்டர் பெல்ட்டு குடுத்திருக்காரு, சரியாயிடும்" என்றாள். 

வர்ஷினிக்குப் பிடிக்கும் என்று ரவா தோசை பார்சல் கொண்டுபோயிருந்தேன். ஒரு துண்டு பிய்த்துத் தின்றுவிட்டு டப்பாவை மூடினாள்.

"பசிக்கலையா கண்ணு?"

அம்மா இருக்கும் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, நாற்காலியை உருட்டிக்கொண்டு என் அருகில் வந்தாள். மடியில் பிசியோதெரபி நோட்டு. மாசாமாசம் அங்கே எடை போட்டு எழுதிக் கொடுப்பார்கள். அதன் கடைசிப் பக்கத்தைத் திறந்து என் பக்கம் திருப்பினாள். "மாமா, யார்கிட்டயும் சொல்லக்கூடாது. ப்ராமிஸ்?"

பென்சிலில், கோணலான எழுத்தில் எழுதியிருந்தாள். அம்மா தூக்குவது: ஸ்கூல் ஐந்து நாள், போகவர ஏற்றி இறக்க நாளுக்கு நான்கு தடவை, இருபது. கே.கே. நகர் இரண்டு நாள், நாளுக்கு நான்கு, எட்டு. மொத்தம் இருபத்தெட்டு. ஜூனில் முப்பத்தெட்டு கிலோ. செப்டம்பரில் முப்பத்தாறு. அடியில் கோடு போட்டு, இருபத்தெட்டை இரண்டால் பெருக்கியிருந்தாள்.

"வாரத்துக்கு அம்பத்தாறு கிலோ மாமா, அம்மாவுக்கு மிச்சம்" என்றாள்.

கடைக்காரன் கண், சும்மா இருக்காது. வரிவரியாக இறங்கிச் சரிபார்த்தது. கணக்கில் தப்பில்லை.