நீர்மாலைக்கு நாற்பது நிமிடம்

கிருஷ்ணா மாமா மூன்றாவது பக்கெட்டையும் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டார். நீர்மாலை எடுக்கிறவர்கள் தலையை நனைத்துக்கொண்டால் போதும். ஆனால் மாமா ஏப்ரல் வெயிலில் நகரத்தின் அந்தக் கோடி கோந்த்வாவிலிருந்து இந்தக் கோடி நிக்டி வரைக்கும் பைக்கில் வந்தவர். கிடைத்த குளியலை விடுவாரா? குழாயடியில் நின்ற வைஷு, வீணாகிப்போகும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போதும் மாமா."

"நல்லா நனையணும்ட்டி. அத்தானுக்குச் செய்யுத மரியாதல்லா."

அத்தான் முன்வராந்தாவில் பெஞ்சில் படுத்திருந்தார். வைஷுவின் அப்பா சுப்ரமணியன், வயது எழுபத்திரண்டு. முந்தின நாள் சாயங்காலம் டிவி ரிமோட்டைத் தேடிக்கொண்டிருந்தவர், அப்படியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டார். ரிமோட் இன்னும் கிடைத்தபாடில்லை. திருநெல்வேலியாக இருந்தால் பிள்ளைகளும் உறவுக்காரர்களும் ஆற்றுக்குப் போய்க் குடங்களில் தண்ணீர் மொண்டு, தலைக்கு மேல் வேட்டி விரித்துப் பிடித்து ஊர்வலமாக வந்து, அந்த நீரால் உடலைக் குளிப்பாட்டுவார்கள். இங்கே கொல்லைக் குழாய்தான் ஆறு என்று அம்மா தர்மாம்பாள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

அந்தக் குழாயில்தான் வைஷுவின் மானம் இருந்தது.

அப்பாவுக்குச் சூடான தண்ணீர் ஆகவே ஆகாது. கோடையில் மொட்டை மாடித் தொட்டி கொதித்துப்போகும். தொட்டித் தண்ணீரை மண்ணுக்கடியில் சுற்றவிட்டுக் குளிரவைத்துக் கொண்டுவரலாம் என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு ஒரு யோசனை வந்தது. மகளுக்கோ அதுதான் வேலை. குழாயில் ஓடுகிற தண்ணீரையும் சுற்றியிருக்கிற மண்ணின் சூட்டையும் சேர்த்துக் கணக்குப் போடும் மென்பொருளை எழுதுகிற கம்பெனியில் இருக்கிறாள். அப்பாதானே என்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கணக்கைப் போட்டுக் கொடுத்தாள். அவசரத்தில், மண்ணின் சூடு எப்போதும் ஒரே அளவில் இருக்கும் என்று வைத்துக்கொண்டாள். எத்தனை பக்கெட் பிடித்தாலும் குளிர்ந்தே வரும் என்றது கணக்கு. அதை நம்பி அப்பா கொல்லையைத் தோண்டி நாற்பது மீட்டர் குழாயைப் புதைத்தார்.

பிறகுதான் ஆபீசில் முறையான கணக்கை எழுதினாள். தண்ணீர் சூட்டை இறக்கிவைக்க வைக்க மண்ணும் சூடாகும். மூன்றாவது பக்கெட்டிலேயே குளிர்ச்சி போய்விடும் என்றது அது. பதறிப்போய் அப்பாவுக்கு போன் போட்டாள். "பத்தாவது பக்கெட்டும் ஐஸ் மாதிரி வருதுட்டி" என்றார். அப்பா பொய் சொல்லாதவர். எனவே புதுக் கணக்கில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, இரண்டு மாதம் அதைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள். களத்தில் வேறு மாதிரி இருக்கிறது என்று மேலதிகாரி ராகவேந்திராவிடமும் சொல்லிவிட்டாள். களம் என்றால் அப்பா.

மாமா ஒருவழியாக ஓய்ந்தார். தம்பி கௌஷிக் முதல் குடத்தைக் குழாயடியில் வைத்தான். வைஷு மணிக்கட்டை நீட்டிப் பார்த்தாள். சுட்டது.

குழாயை மூடினாள்.

"என்னக்கா?"

"சூடா வருதுடா."

"நேரமாச்சுட்டி, பிடி" என்றார் மாமா. "பன்னெண்டு மணிக்கு ராகுகாலம்."

தர்மாம்பாள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து மகள் பக்கத்தில் நின்றாள்.

"ரெண்டு பக்கெட்டுக்கு மேல சுடத்தாம்ளா செய்யும்."

"ஒனக்கு எப்படிம்மா தெரியும்?"

"எனக்கென்ன, அவுகளுக்கு மொத வாரமே தெரியும். ரெண்டு பக்கெட்டோட நிப்பாட்டிக்கிடுவாவ. அதுக்குப் பொறவு என்னையும் குழாயத் தொட விட மாட்டாவ. பிள்ள போட்ட கணக்கு, தப்புன்னு எப்படிச் சொல்லம்பாவ. தெருவுல காய் விக்க வார பாஜிவாலாவக்கூடக் கூப்பிட்டு வச்சுப் பெருமையடிச்சாவ."

வைஷுவுக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாக எரிச்சல் வந்தது. இரண்டு மாதம்! சரியாக இருந்த கணக்கை இந்த மனுஷன் பேச்சைக் கேட்டுக் குதறி வைத்திருந்தாள். உயிரோடு இருந்தால் ஒரு பிடி பிடித்திருக்கலாம்.

விறுவிறுவென்று உள்ளே போய் லேப்டாப்பை எடுத்து வந்து, துவைக்கிற கல்லில் வைத்துத் திறந்தாள். ஈர வேட்டியோடு நின்ற ஒன்பது பேரும் பார்த்தார்கள்.

"ஆபீஸ்ல இதுக்குக்கூடவா லீவு தரல?" என்று மாமா கௌஷிக்கின் காதில் கேட்டார். அது எல்லோருக்கும் கேட்டது.

வைஷு பழைய கணக்கை மூடிவிட்டு, யாரும் நம்பாத அந்தப் புதுக் கணக்கை, குதறுவதற்கு முந்தின வடிவிலேயே ஓட்டினாள். மண் தன் சூட்டை ஆற்றிக்கொள்ள எவ்வளவு நேரம் வேண்டும்?

"நாப்பது நிமிஷம்" என்றாள். "அதுவரைக்கும் யாரும் குழாயத் தொடக்கூடாது."

"ஏட்டி, அத்தானுக்கு இனிமே சூடும் ஒண்ணுதான், குளிரும் ஒண்ணுதான்" என்றார் மாமா. "கேன் தண்ணி வாங்கிட்டு வரச் சொல்லட்டா?"

"நீர்மாலைக்கு கேன் தண்ணியாடா?" என்றாள் தர்மாம்பாள். "அவ சொல்லுதால்லா, நில்லு."

அக்காவின் குரலுக்கு மாமா அறுபது வருஷமாகப் பயந்தவர். நின்றார். வேட்டியை விரித்துப் பிடித்திருந்த நாலு பேரும் அதைக் கீழே இறக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்கள். சுடுகாட்டுக்குக் கொண்டுபோக வந்த வேனின் டிரைவர் இரண்டு முறை எட்டிப் பார்த்து, "அஜூன் கிதி வேள், தாயி?" என்று மராத்தியில் கேட்டார். இன்னும் எவ்வளவு நேரம் என்று சொல்ல வைஷுவுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. சொன்னாள். அவர் திரும்பிப் போய் பீடி பற்றவைத்தார். எல்லோர் தலையும் காய்ந்துவிட்டது. மறுபடியும் நனைய வேண்டுமே என்று மாமா ஆசையோடு ஆரம்பித்தார். கௌஷிக் சமையலறையிலிருந்து ஒரு சொம்பை நிரப்பிக் கொண்டுவந்து எல்லோர் தலையிலும் தெளித்து முடித்துவிட்டான்.

பதினொன்றரைக்கு வைஷு குழாயைத் திறந்தாள். மணிக்கட்டை நீட்டியவள் அதை எடுக்கவே இல்லை. தண்ணீர் சில்லென்று விழுந்தது. அவள் முகத்தைப் பார்த்தே கௌஷிக் குடத்தை வைத்தான். ஒவ்வொரு குடமாக ஏழு சின்னக் குடங்களையும், மொத்தம் இரண்டு பக்கெட்டைத் தாண்டாமல், மெல்லிய தாரையில் அவளே நிரப்பிக் கொடுத்தாள். கடைசிக் குடம் அவளுடையது.

வேட்டிப் பந்தலுக்குக் கீழே வரிசையாக வந்து ஒவ்வொருவராக ஊற்றினார்கள். வைஷுவின் முறை வந்தது.

"தலைக்கு ஊத்துட்டி" என்றார் மாமா.

அவள் முதலில் அப்பாவின் பாதத்தில் கொஞ்சம் ஊற்றினாள். ஊற்றிவிட்டு, சுடுகிறதா என்று கேட்பதுபோல் அவர் முகத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் நின்றாள். அப்புறம்தான் தலைக்கு ஊற்றினாள்.