அண்ணி போட்ட பகர அடைப்பு

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் அண்ணி ஆங்கிலத்தில் அடைப்புக்குறி போடும் நேர்த்தியைப் பார்த்துப் பன்னிரண்டு வருடமாக வயிறெரிந்துகொண்டிருக்கிறேன். நான் எழுத்தாளன். அவர் ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் மெய்ப்புத் திருத்துபவராக இருந்தவர். நாலு பேர் மெச்சுவது என்னை. பிழையில்லாமல் எழுதத் தெரிந்தது அவருக்கு.

(முதல் வரியாக "மழை பெய்துகொண்டிருந்தது" என்று வைத்திருந்தேன். அன்றைக்கு மழையே இல்லை.)

எழுதியதை அவரிடம் படிக்கக் கொடுத்தேன். ஒரு நிபந்தனை போட்டார்.

"தம்பி, உங்க வார்த்தையில நான் கை வைக்க மாட்டேன். சொல்ல வேண்டியத பகர அடைப்புல சொல்றேன். அத நீங்க எடுக்கக் கூடாது."

ஆகவே, பிறை மாதிரி வளைந்த அடைப்புக்குள் பேசுவது நான். 'ப'வைப் படுக்கப்போட்ட மாதிரி இருக்கிற அடைப்புக்குள் பேசுவது அண்ணி. [சரி.]

2

ஆங்கில அடைப்பில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை என்பார் அண்ணி. பிறை அடைப்பை, உள்ளே இருப்பதோடு சேர்த்துத் தூக்கிவிட்டுப் படித்தால் மீதி வாக்கியம் தானாக நிற்க வேண்டும். அடைப்புக்குள் தனி வாக்கியம் முழுதாக இருந்தால் முற்றுப்புள்ளியும் உள்ளே. வாக்கியத்தின் ஒரு துண்டு மட்டும்தான் என்றால் புள்ளி வெளியே. திறக்கும் அடைப்பை ஒட்டி முன்னால் காற்புள்ளி வராது; தேவைப்பட்டால் மூடிய பிறகு போட்டுக்கொள்ளலாம். இதெல்லாம் ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளக்கூடியதுதான். [தம்பிக்கு மூன்று வருடம் ஆனது.]

இன்னொரு விதி உண்டு. ஒருவர் பேசியதை அப்படியே எடுத்துப் போடும்போது, அதற்குள் நாம் சேர்க்கும் சொல் பகர அடைப்புக்குள் வர வேண்டும். பிறை அடைப்பு போட்டால் அதையும் பேசியவரே சொன்னதாகிவிடும்.

3

அட்டை வெட்டும் இயந்திரத்தில் ஒருவருக்கு வலது கையில் இரண்டு விரல்கள் போயின. அவரை வெட்டுக்காரர் என்று வைத்துக்கொள்வோம். (நோயாளி மனைவி, மூன்று குழந்தைகள்.) [அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை.] (மன்னிக்கவும்.)

விசாரணைக்கு அவருடைய வாக்குமூலம் ஆங்கிலத்தில் போக வேண்டியிருந்தது. "பாதுகாப்பு மூடியக் கழட்டிட்டு ஓட்டுனேன்," இவ்வளவுதான் அவர் சொன்னது. அண்ணியின் அலுவலகத்தில் அதை மொழிபெயர்த்தவர், தொழிற்சாலை மேலாளரின் அறிக்கையைப் பார்த்து நடுவில் சில சொற்களைச் சேர்த்திருந்தார்: யாரிடமும் கேட்காமல், நானாகவே. சேர்த்ததைப் பகர அடைப்புக்குள்தான் போட்டிருந்தார். யாராவது கழற்றச் சொல்லியிருந்தால் வெட்டுக்காரர் வேலை நிலைக்கும். தானாகவே கழற்றினார் என்றால் போய்விடும்.

வாக்குமூலம் இருந்த அதே கோப்பில் மேலாளரின் அறிக்கையும் இருந்தது; அதில் முழுக்க அளவுக் குறிப்புகளும் பட்டியல்களும் தப்பான அடைப்பில் கிடந்தன. அண்ணி கணினியில் ஒரே கட்டளையில் எல்லாப் பகரத்தையும் பிறையாக்கினார். நூற்றுப் பதினான்கு மாறின. வாக்குமூலத்தில் இருந்ததும் சேர்ந்து மாறிற்று. கோப்பு அப்படியே விசாரணைக்குப் போய்விட்டது.

மறுநாள் காலை டீ குடித்துக்கொண்டே நகலைப் புரட்டியபோது பார்த்துவிட்டார். அன்று அண்ணியின் கண்களில் ஒரு

(வேண்டாம். கண்களை நான் பார்க்கவில்லை.)

தன் அலுவலக முதலாளியிடம் போனார்.

"ரெண்டு குறிம்மா. யார் பாக்கப் போறா?"

"நான் பாத்துட்டேனே சார்."

"தப்பு நம்மளதுன்னு போய்ச் சொன்னா அந்தக் கம்பெனி வேலை இனிமே நமக்கு வராது. அப்புறம் உங்கள நான் இங்க வெச்சுக்க முடியாது. யோசிச்சுக்குங்க."

இந்த இடத்தில் அண்ணிக்கு உண்மையைப் பற்றி அரைப் பக்க வசனம் எழுதியிருந்தேன். [நான் கேட்டது, "பதினோரு மணிக்குள்ள விசாரணை நடக்கற எடத்துக்குப் போய்ச் சேர பஸ் இருக்குமா சார்?"] அவர் கேட்டதுதான் நன்றாக இருக்கிறது. என்னுடையதை அடித்துவிட்டேன்.

4

விசாரணை அறையில் நீள மேசை, மூன்று அதிகாரிகள். எதிரில் கட்டுப் போட்ட கையோடு வெட்டுக்காரர், பக்கத்தில் மேலாளர். அண்ணி கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனார். தயங்கியிருக்க மாட்டார். [தயங்கினேன்.]

"நீங்க யாரும்மா?"

"மெய்ப்புப் பாக்கறவ. இவரோட வாக்குமூலத்துல ஒரு தப்பு இருக்குங்க. நான் பண்ணது. 'யாரிடமும் கேட்காமல், நானாகவே'ன்னு இருக்கறது இவர் சொன்னது இல்ல. எங்க ஆபீஸ்ல சேத்தது."

வெட்டுக்காரர் அப்போதுதான் தலையைத் தூக்கினார்.

"அதத்தாங்க நானும் காலையிலேருந்து சொல்றேன். நான் அப்படிச் சொல்லலன்னா, பேப்பர்ல இருக்கேங்கறாங்க. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஒருவேள சொல்லித் தொலைச்சுட்டேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு."

 ஒரு மனிதர் தன் வாயையே நம்பாமல் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

அண்ணி அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கினார். பேனாவால் இரண்டு பிறைகளையும் பகரமாக்கி, ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். மறு வாரம் அண்ணிக்கு மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் வேலை இல்லை.

5

வெட்டுக்காரர் மறுபடி அதே இயந்திரத்தில் நிற்பதாக ஒரு முடிவு எழுதினேன். மேலாளர் வேறொரு சாட்சியைக் கொண்டுவந்து ஜெயிப்பதாக இன்னொன்று. [தீர்ப்பு என்னவென்று தம்பிக்கு நன்றாகத் தெரியும்.]

தெரியும். சொல்ல மாட்டேன். அவர் ஜெயித்தார் என்றால் அதற்காக அண்ணியை மெச்சுவீர்கள். தோற்றார் என்றால், "வேலையையும் தொலைச்சு என்ன பிரயோஜனம்?" என்று உச்சுக்கொட்டுவீர்கள். கதவைத் தட்டியபோது இரண்டில் எது நடக்கும் என்று அவருக்குத் தெரியாது. தெரியாமலேதான் உள்ளே போனார். நானாக இருந்தால் போயிருக்க மாட்டேன்.

முடிவு இல்லாமல் தூக்கம் வராது என்றால் நீங்களே ஒன்று எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பகர அடைப்புக்குள் எழுதுங்கள். அந்த மனிதர் சொல்லாததை அவர் சொன்னதாக ஒருமுறை எழுதியது போதும்.