ஆறாவது வாக்கியம்

தொலைபேசியில் டெஸ்மண்டின் குரலைக் கேட்டதும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. மேசை ஒதுக்கி வைக்கச் சொல்லி அழைப்பது எப்போதும் அவர் மனைவி ஜிலியன். இருபது வருஷமாக மாதம் ஒருமுறை இங்கிலாந்திலிருந்து சொந்த விமானத்தில் கடலைத் தாண்டி பிரான்சுக்கு வந்து, எங்கள் பறக்கும் சங்கத்தில் நான் நடத்தும் சாப்பாட்டுக் கூடத்தில் உட்காருகிற மனிதருக்கு, பிரெஞ்சில் உப்பு வேண்டும் என்று கேட்கத் தெரியாது. விரலை நீட்டிக் காட்டுவார், ஜிலியன் கேட்பார், நான் எடுத்துக் கொடுப்பேன். நான் கப்பல் உணவகத்தில் வேலை பார்த்த காலத்து ஆங்கிலம் கொஞ்சம் மிச்சமிருந்ததால் அன்றைக்கு அவர் சொன்னது புரிந்தது.

"ஓடில், ஜிலியனை அங்க கூட்டிட்டு வரணும். ஆனா அவளால பேச முடியாது."

குளிர்காலத்தில் ஜிலியனுக்குப் பக்கவாதம். வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. ஆங்கிலமும் இல்லை, முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த பிரெஞ்சும் இல்லை. வீட்டில் எதையும் கண்ணெடுத்துப் பார்ப்பதில்லையாம், தட்டை வைத்தால் தள்ளிவிடுகிறாராம். போன வாரம் தானாகவே எழுந்து போய் விமான வரைபடத்தை எடுத்து விரித்து, எங்கள் ஊர் மேல் இடது கை விரலை வைத்தாராம். விரலை எடுக்கவேயில்லை என்றார் டெஸ்மண்ட். இதைச் சொல்லும்போது அந்த மனிதர் அழுதார்.

"கப்பல்ல வந்துடுங்களேன்," என்றேன்.

"கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கிட்டா."

சங்கத் தலைவன் ரெஜிஸிடம் விஷயத்தைக் கொண்டுபோனேன். ரெஜிஸ் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன், அதனால் எங்களுக்குள் மரியாதை கிரியாதை ஒன்றும் கிடையாது. வரட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகவேண்டியதுதானே? அவன் கைகளைத் துடைத்துக்கொண்டு விதிகளை எடுத்துவைக்க ஆரம்பித்தான்.

விதிகள் எனக்குத் தெரியாதா என்ன? எங்கள் புல்வெளி ஓடுபாதைக்கு, விமானங்களை ரேடியோவில் வழிநடத்தும் கோபுரத்து ஆள் ஒருவன் உண்டு. வாரநாட்களில் காலையில் மட்டும் வருவான், மத்தியானம் மூட்டை கட்டிவிடுவான். அவன் இருக்கும்போது ஆங்கிலத்தில் பேசலாம். அவன் போனபின் இறங்குகிறவர்களும் ஏறுகிறவர்களும் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று ரேடியோவில் தாங்களே சொல்லிக்கொள்ள வேண்டும், அதுவும் பிரெஞ்சில் மட்டும். இங்கிலாந்திலிருந்து வருகிறவர்கள் நேரே இங்கே இறங்கவும் கூடாது. முதலில் கடற்கரை விமான நிலையத்தில் இறங்கி, சுங்கக்காரர்களிடம் கடவுச்சீட்டைக் காட்டிவிட்டு, மறுபடி கிளம்பி வரவேண்டும். அந்தச் சுங்கக்காரர்கள் வேலைக்கு வருவதே மத்தியானத்துக்கு மேல்தான். ஆக, அவர்கள் கதவைத் திறக்கும் நேரத்தில் எங்கள் கோபுரத்துக் கதவு சாத்தியிருக்கும். எந்தப் புண்ணியவான்கள் உட்கார்ந்து யோசித்தார்களோ! இத்தனை வருஷமும் ஜிலியன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பிரெஞ்சில் பேசினார், டெஸ்மண்ட் ஓட்டினார். ஜிலியன் அந்த விமானத்தின் திருப்புபிடியைத் தொட்டதில்லை, டெஸ்மண்ட் இங்கே ஒலிவாங்கியைத் தொட்டதில்லை.

"அவரே மனப்பாடம் பண்ணிட்டு வர்றாராம்," என்றேன். "அஞ்சு வாக்கியம்தானே?"

"அஞ்சு வாக்கியம் ஒப்பிக்கக் கிளிப்பிள்ளைக்கும் தெரியும். யாராவது ஆறாவது வாக்கியம் சொன்னா என்ன பண்ணுவாரு?"

"யாரு சொல்லப் போறா?"

"ஓடில், வானம் ஒன்னும் உன் சமையல்கட்டு இல்ல. அவர் வந்தா நான் தடுக்க முடியாது. ஆனா மேலிடத்துக்கு எழுதுவேன். அவரோட உரிமம் போயிடும்."

பல வருஷம் முன்பு ஆங்கிலத்தில் பேசிக்கொண்டு வந்த ஒரு விமானமும் ரெஜிஸிடம் பறக்கக் கற்றுக்கொண்டிருந்த ஒருவனும் மோதாமல் மயிரிழையில் தப்பினார்கள். அதற்குப் பிறகுதான் இந்தப் பிரெஞ்சு விதியைச் சங்கத்தில் கேட்டு வாங்கினான். அவன் பக்கத்தில் நியாயம் இல்லாமலில்லை. நியாயமாகப் பேசுகிறவனோடு சண்டை போடுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் அது தெரியும்.

டெஸ்மண்டிடம் அப்படியே சொன்னேன். தினமும் சாப்பாட்டு மேசையில் ஜிலியனுக்கு எதிரே உட்கார்ந்து ஒப்பிப்பதாகச் சொன்னார். தப்பாகச் சொன்னால் ஜிலியன் இடது கையால் மேசையில் ஓங்கி அடிப்பாராம். முதல் வாரம் தட்டெல்லாம் குதித்ததாம். "இப்பல்லாம் அவ்வளவா அடிக்கிறதில்ல," என்றார், பரீட்சையில் தேறியவர் மாதிரி. அதற்கு மேல் அந்த மனிதரை வரவேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை. சாப்பாட்டுக் கூட்டம் கலைந்திருந்தது. சிக்கரிக் கீரைக் குருத்தைப் பன்றிக்கறியில் சுற்றிச் சீஸ் தூவிச் சுட்ட தட்டை அவர்களுக்காக அடுப்பிலேயே சூடாக வைத்திருந்தேன். ஜிலியனுக்குப் பிடித்தது அது. வெளியே புல்வெளி ஓரத்தில் ரெஜிஸ் கை ரேடியோவோடு நின்றிருந்தான். ஊரில் மருந்துக்கடை வைத்திருக்கும் நதேஜ் அன்றைக்குத்தான் முதன்முதலாக, பக்கத்தில் ஆசான் இல்லாமல், தனியாகப் பறக்கிறாள். அவள் குரல் காப்பி இயந்திரத்துக்கு மேலிருந்த ரேடியோ ஒலிபெருக்கியில் நடுங்கிக்கொண்டே வந்தது.

அதற்கு நடுவில் வந்தது இன்னொரு குரல். ஆணி அடிப்பதுபோல் ஒவ்வொரு சொல்லாக. "மேற்கிலிருந்து வருகிறேன். இறங்குவதற்காக வருகிறேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. சாதித்துவிட்டார் மனிதர்! நான் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வெளியே ஓடினேன்.

ரெஜிஸ் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை சரியில்லை. நதேஜ் கடைசித் திருப்பத்தை முடித்து ஓடுபாதைக்கு நேரே வந்திருந்தாள், அதை ரேடியோவில் சொல்லியும் இருந்தாள். கேட்டுப் புரிந்துகொண்டிருந்தால் டெஸ்மண்ட் அவளுக்குப் பின்னால் தள்ளி வந்திருப்பார். அவரோ மனப்பாடம் செய்த வரிசைப்படி அவர் பாட்டுக்கு வந்துகொண்டிருந்தார். நதேஜின் விமானத்துக்கு இறக்கை தலைக்கு மேல், அவளால் மேலே பார்க்க முடியாது. டெஸ்மண்டின் வெள்ளை விமானத்துக்கு இறக்கை காலுக்குக் கீழ், அவரால் கீழே பார்க்க முடியாது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டும் ஒரே சரிவில் இறங்கிக்கொண்டிருந்தன. தரையில் நின்ற எங்கள் கண்ணுக்கு மட்டும்தான் அது தெரிந்தது.

"வெள்ளை விமானம், வலது பக்கம் திரும்பு! உனக்குக் கீழ ஒரு விமானம் இருக்கு!" ரெஜிஸ் ரேடியோவில் பிரெஞ்சில் கத்தினான்.

"ஓடுபாதைக்கு நேரே இருக்கிறேன். இறங்குகிறேன்," என்றது டெஸ்மண்டின் குரல், ரொம்ப சந்தோஷமாக.

அதுதான் ஐந்தாவது வாக்கியம்.

"நதேஜ், நீ மேல ஏறாத, அப்படியே இறங்கு, எதையும் தொடாத!" ஏறினால் மோதிவிடுவாள். அவ்வளவு தாழ்வில், முதல் நாள் தனியாகப் பறக்கிறவளைத் திரும்பச் சொல்லவும் முடியாது. "வெள்ளை விமானம், வலது! வலது!" வலதுக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வதென்று ரெஜிஸுக்குத் தெரியாது. ரேடியோவை அவன் கையிலிருந்து பிடுங்க நான் பாய்ந்தேன். என் விரல் பொத்தானைத் தேடுவதற்குள் வெள்ளை விமானம் வலது பக்கம் சாய்ந்தது.

ஒழுங்காகப் பறக்கத் தெரிந்தவர் திருப்புகிற திருப்பம் இல்லை அது. வெடுக்கென்று, இறக்கை நுனி தரையைப் பார்க்கும்படி சாய்ந்து, பிறகு இயந்திரம் அலறி, சோளக்கொல்லைக்கு மேலாக எழும்பி விலகிப்போனது. நதேஜ் புல்லில் இரண்டு முறை குதித்து இறங்கி நின்றாள். இறங்கியவள் கண்ணாடிக்குள்ளிருந்து எங்களுக்குக் கையாட்டினாள், பாவம்.

டெஸ்மண்ட் ஒரு வட்டம் போட்டு வந்து இறங்கினார். ரெஜிஸ் அந்த விமானத்தை நோக்கி நடந்த நடையைப் பார்த்து நானும் பின்னாலேயே போனேன். இறக்கையில் ஏறிக் கண்ணாடி மூடியைத் திறந்தான். டெஸ்மண்டின் முகம் வெளுத்திருந்தது.

"நான் திருப்பல," என்றார் என்னிடம். "அவதான் பிடிச்சு இழுத்தா. எதுக்குன்னு எனக்கு இப்பவும் தெரியல."

ஜிலியனின் இடது கை தன் இருக்கைக்கு முன்னாலிருந்த திருப்புபிடியைப் பற்றியிருந்தது. விரல் மூட்டுகள் வெளிறியிருந்தன. இயந்திரம் நின்று, சுழலியும் நின்றுவிட்டது, அவர் இன்னும் விடவில்லை.

கத்துவதற்கென்று வந்த ரெஜிஸ் அந்தக் கையைப் பார்த்தான். "மதாம்," என்றான், குரலைத் தாழ்த்தி. "நான் சொன்னது உங்களுக்குப் புரிஞ்சுதா?"

ஜிலியன் அவனை ஏறிட்டுப் பார்த்தார். அசட்டுக் கேள்வி கேட்ட மாணவனை வாத்தியாரம்மா பார்க்கிற பார்வை. ரெஜிஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அந்த விரல்கள் தாமாகப் பிரிகிறவரைக்கும் இறக்கையிலேயே மண்டியிட்டுக் காத்திருந்தான்.

நான் டெஸ்மண்டிடம் நடந்ததை ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் வெகுநேரம் புல்லில் நின்றுகொண்டேயிருந்தார்.

ஜிலியன் சாப்பிட்டார். இடது கையால், சிந்தி, சீஸைக் கன்னத்தில் அப்பிக்கொண்டு, தட்டைக் காலி செய்தார். டெஸ்மண்ட் ஒரு வாய்கூட வைக்கவில்லை. மனைவி சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ரொட்டியை வைத்துவிட்டு ரெஜிஸ் உட்கார்ந்திருந்த மூலைக்குப் போனேன்.

"இன்னும் எழுதத்தான் போறியா?"

"ஏன், எழுதக்கூடாதா?"

"அந்தம்மா சாப்பிடறதைப் பாரு. உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா?"

"பாத்துட்டுத்தான் இருக்கேன். இன்னைக்கு அந்தக் கை இருந்துச்சு. அடுத்த தடவை அந்தம்மா தூங்கிட்டா? நதேஜுக்கு ரெண்டு பிள்ளைங்க, தெரியுமில்ல?"

அவன் மேல் வந்த கோபத்தை மேசையைத் துடைப்பதில் காட்டினேன்.

சுங்கக்காரர்கள் வீட்டுக்குக் கிளம்புமுன் டெஸ்மண்டும் ஜிலியனும் மறுபடி கடற்கரை விமான நிலையத்தில் இறங்கியாக வேண்டும். கிளம்பும்போதும் பிரெஞ்சில் பேச வேண்டும். டெஸ்மண்ட் கிளம்ப எழுந்தார், சட்டைப்பையிலிருந்து வாக்கியங்களை எழுதிய சீட்டை எடுத்துப் பார்த்தார். மறுபடி உட்கார்ந்துவிட்டார். "என்னால முடியாது, ஓடில்," என்றார். ஜிலியன் ஜன்னல் வழியாக ஓடுபாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரெஜிஸ் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். கோட்டை மாட்டிக்கொண்டு நேரே டெஸ்மண்ட் முன்னால் வந்து நின்றான். முதலில் தன் நெஞ்சைத் தொட்டான். பிறகு டெஸ்மண்டைக் காட்டி, ஒரு உள்ளங்கையை இன்னொன்றுக்குப் பின்னால் வைத்து நகர்த்திக் காட்டினான்.

"என்ன சொல்றாரு?" என்றார் டெஸ்மண்ட்.

எனக்கு அதற்குள் விளங்கிவிட்டது. விமானங்கள் சேர்ந்து கூட்டாகப் பறந்தால் முன்னால் போகிறவன் பேசினால் போதும், பின்னால் வருகிறவன் வாயைத் திறக்க வேண்டியதில்லை. அதுவும் விதிதான். இருபது வருஷமாக ரெஜிஸ் இப்படி யாருக்காகவும் கூட்டுப் பறப்பு போனதில்லை.

"அவன் பின்னாலேயே போங்க. கண்ணை எடுக்காதீங்க," என்றேன்.

வாசலில் ரெஜிஸை மறித்தேன். "அப்ப அடுத்த மாசம்? கடற்கரைக்குப் போய் நீதான் கூட்டிட்டு வருவியா?"

"அடுத்த மாசத்தைப் பத்தி இப்ப யாரு பேசுனா? வழியை விடு."

அவர்கள் எழும்பியதைப் புல்வெளி ஓரத்தில் நின்று பார்த்தேன். கூடத்துக்குள்ளிருந்து ஒலிபெருக்கி கேட்டது. "ரெண்டு விமானம், ஒன்னா புறப்படுறோம். மேற்கே போறோம். பேசறது நான்." எங்கோ மேலே பறந்துகொண்டிருந்த இளைஞன் ஒருவன் குறுக்கே கேட்டான், பின்னால் வருவது யார் என்று. "எங்க ஆளுங்கதான்," என்றது ரெஜிஸின் குரல்.

மரங்களுக்கு அப்பால் ரெஜிஸ் வேகத்தைக் குறைத்து ஒரு வட்டம் போட்டான், பின்னால் வருகிறவர்கள் வந்து சேரட்டும் என்று. வெள்ளை விமானம் சற்றே இடப்பக்கம் சாய்ந்து, தடுமாறி, பிறகு மெதுவாக நிமிர்ந்து அவனை நோக்கித் திரும்பியது. பிடித்துத் திருப்பியது யார் கை என்று இங்கிருந்து தெரியவில்லை.